செல்போன் போக மீதிக்கு ஒரு லென்ஸ்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் பல ஆலைகளில் உள்ளே போகிறவரிடம் வாசல் செக்யூரிட்டி முதலில் கேட்பது செல்போனைத்தான். வாங்கி, பின்பக்கக் கேமராக் கண்ணின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பித் தருவார். வெளியே வரும்போது ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பவரும் உண்டு. கேமராவுக்கு இத்தனை காவல் போடும் இதே வட்டாரத்தில்தான் உலகம் சுற்றுகிறவர்கள் படமெடுக்கும் கருவி லட்சக்கணக்கில் தயாராகிறது. நோக்கியா 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்தது. ஃபாக்ஸ்கான் 2019-இல் ஐபோன் எக்ஸ்ஆர், 2020-இல் ஐபோன் 11 என்று தொடங்கி, இன்று புது மாடல்களையும் இங்கிருந்தே அனுப்புகிறது.

பயணத்துக்கு ஒரே ஒரு லென்ஸ், எல்லாவற்றுக்கும் ஆகவேண்டும், கனமும் கூடாது, அப்படி எது என்பது பழைய கேள்வி. அதை இந்தத் தொழிற்சாலைச் சாலையில் நின்று கேட்டால், கேமரா இதழ்கள் இருபது வருஷமாகச் சொல்லி வந்த பதில் அப்படியே செல்லாது என்று தோன்றுகிறது. அந்தப் பதில் நமக்கு மனப்பாடம். ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் 24–105. சின்ன சென்சார் என்றால் 16-இலோ 18-இலோ தொடங்கும் ஜூம். கூடவே, அகலக் கோணத்தில் கஞ்சத்தனம் பண்ணாதே என்ற எச்சரிக்கை. செல்போன் கேமரா விளையாட்டுச் சாமானாக இருந்த காலத்தில் பிறந்த அறிவுரை அது. இன்று சட்டைப்பையில் 13 மி.மீ. அகலக் கோணமும் 26 மி.மீ. சாதாரணக் கோணமும் எந்நேரமும் இருக்கின்றன. செல்போனால் ஆகாதவை நடுத்தரத் தொலைவு, மங்கிய வெளிச்சத்தில் அசையும் கைகள், பெரிதாக அச்சிட்டாலும் பிசிறடிக்காத நுணுக்கம். லென்ஸுக்குப் போடும் காசு இந்த மீதிக்காகத்தான் என்பது என் கட்சி.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சாரில் லென்ஸின் எண்ணை ஒன்றரையால் பெருக்கினால் ஃபுல் ஃபிரேம் கணக்கு வரும். கேனனில் மட்டும் 1.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் இரண்டு. சோனியின் 18–135, ஃபுல் ஃபிரேமில் 27–202 போல நடந்துகொள்ளும். செல்போன்காரர்கள் சொல்லும் 13, 26 எல்லாம் ஏற்கெனவே பெருக்கப்பட்ட எண்கள்.

எடைக் கவலை நமக்குப் புதிதல்ல. தமிழில் பயண எழுத்துக்கு அடித்தளம் போட்ட ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை படித்தவர். காந்தி ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்த மனிதர், கருவிகளைத் தூக்கிக்கொண்டு கப்பலும் ரயிலும் மாறியவர். வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) இன்னொரு கோடி. ஒரு கம்பெனியின் உடலையும் வேறொரு கம்பெனியின் லென்ஸையும் தானே இணைத்து ஒட்டுப்போட்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்து, காடுகளில் தூக்கித் திரிந்து கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். எடை பற்றிப் புலம்பும் எவரும் அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு முதல் ஜூம் 1959-இல் வந்த ஃபோக்ட்லேண்டர் சூமார். 36 முதல் 82 மி.மீ. வரை, எஃப் 2.8. ஒரே லென்ஸில் ஊரையே அடக்கும் ஆசையைப் பரவலாக்கியது டாம்ரான் 1992-இல் கொண்டுவந்த 28–200. அதற்குப் பிறகு 18–200, 18–300 என்று எண்கள் ஏறிக்கொண்டே போயின. எடையோ சமீப காலத்தில்தான் உருப்படியாக இறங்கியது. ஏன் இறங்கியது என்று தெரிந்துகொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீரும்.

லென்ஸின் பருமனை முடிவு செய்வது முதலில் அதன் வாய். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். 200 மி.மீ., எஃப் 2.8 என்றால் 71 மி.மீ. விட்டம். அதே 200 எஃப் 6.3 என்றால் 32 மி.மீ. போதும். சின்ன சென்சாருக்கான 135 மி.மீ., எஃப் 5.6 என்றால் வெறும் 24 மி.மீ. விட்டம் கூடக்கூடக் கண்ணாடியின் பருமனும் கூடுகிறது, பருமனோடு எடையும் மளமளவென்று ஏறுகிறது. நிக்கானின் முதல் இசட் 24–70 எஃப் 2.8 லென்ஸ் 805 கிராம், கேனனின் ஆர்எஃப் 24–70 எஃப் 2.8 லென்ஸ் 900 கிராம் என்று நிற்பது இதனால்தான். சோனி தன் இரண்டாம் பதிப்பை 695 கிராமுக்குக் கொண்டுவந்ததே பெரிய சாதனையாகப் பேசப்பட்டது.

இரண்டாவது காரணம், கேமராவுக்குள் இருந்த ஆடி போய்விட்டது. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு ஆடி எழும்பி விழ இடம் விட்டாக வேண்டும். கேனனின் பழைய மவுண்டில் இந்த இடைவெளி 44 மி.மீ.; புதிய ஆர்எஃப் மவுண்டில் 20. நிக்கானில் 46.5 இருந்தது 16 ஆனது. சென்சாருக்குப் பக்கத்திலேயே பின்கண்ணாடியை வைக்க முடிவதால், அகலக் கோண லென்ஸ்களை அவ்வளவு சுற்றி வளைத்து வடிவமைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது காரணத்தை விளம்பரங்கள் அழுத்திச் சொல்வதில்லை: வேலையில் ஒரு பங்கை மென்பொருளுக்குத் தள்ளிவிட்டார்கள். 24 மி.மீ. கோணத்தில் நேர்க்கோடுகள் பீப்பாய் போல உப்பினால் அதைத் திருத்த முன்பு கூடுதலாக ஒன்றிரண்டு கண்ணாடித் துண்டுகள் வைப்பார்கள். இப்போது உப்பவிட்டு, படம் பதிவாகும்போது கேமராவே இழுத்து நேராக்குகிறது. கேனனின் ஆர்எஃப் 24–105 எஃப் 4–7.1 லென்ஸ் 395 கிராமில் அடங்கியதில் இதற்குப் பங்கு உண்டு. அதே நீளத்து எஃப் 4 எல் லென்ஸ் 700 கிராம். மூலைகளை இழுத்து நேராக்கும்போது அங்கே நுணுக்கம் கொஞ்சம் தளரும். நாலு மூலையையும் பூதக்கண்ணாடியில் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு இது பாவம். கோபுரத்தின் உச்சியிலிருக்கும் பொம்மையைப் பார்க்கிறவருக்கு அது கண்ணிலேயே படாது.

கண்ணாடி என்றதும் ஒரு கொசுறு. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் 2000 முதல் உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தட்டைக் கண்ணாடி செய்கிறது. கட்டடங்களுக்கும் வாகனங்களுக்கும் ஆவது அந்த வகை. லென்ஸுக்கான ஒளியியல் கண்ணாடி வேறு ஜாதி. லாந்தனம் போன்ற அருமண் கலந்து, உள்ளே ஒரு கோடும் குமிழும் இல்லாமல், மெதுவாக ஆறவைத்து எடுப்பது. இந்தியாவில் அந்த வேலையைச் செய்து வந்தது கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம். நாம் கடையில் வாங்கும் லென்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் ஜப்பானியர் கைவண்ணம்.

இனி வெளியே போவோம். இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கிறவர் வார விடுமுறையில் எங்கே போவார்? பக்கத்தில் காஞ்சிபுரம்; சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு வழியாக வேடந்தாங்கல்; கடற்கரைக்கு மாமல்லபுரம். உள்ளூரிலேயே ராமானுஜர் அவதரித்த ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் வல்லக்கோட்டை முருகனும். ஒவ்வொரு இடமும் லென்ஸிடம் ஒவ்வொன்றைக் கேட்கிறது.

ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணதேவராயர் 1509-இல் கட்டியது, உயரம் 59 மீட்டர் அளவில். கேமராவை அண்ணாந்து சாய்த்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போல வரும். நேராகப் பிடித்தால் படத்தின் மேல்பாதி மட்டும்தான் கோபுரத்துக்குக் கிடைக்கும். கணக்குப் போட்டால், ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. லென்ஸை நெட்டுக்குத்தாகப் பிடித்து, கலசம் வரை நேராக அடக்க 77 மீட்டர் பின்னால் போக வேண்டும். 28 என்றால் ஏறத்தாழ 90. வேனும் ஆட்டோவும் மின்கம்பியும் குறுக்கிடும் சன்னதித் தெருவில் அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர் வித்தியாசத்தால் பெரிதாக எதுவும் மாறாது. இரண்டுமே தள்ளித்தான் நிற்க வேண்டும். செல்போனின் 13 மி.மீ. கண்ணுக்கோ 43 மீட்டர் போதும். '24-இல் தொடங்காத லென்ஸ் வேண்டவே வேண்டாம்' என்ற பழைய பிடிவாதம் எனக்குத் தளர்ந்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான். அகலம் வேண்டிய இடத்தில் 24-உம் போதவில்லை, 28-உம் போதவில்லை. போதுமானது ஏற்கெனவே பையில் இருக்கிறது.

கைலாசநாதர் கோயிலில் இது இன்னும் தெளிவு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எடுப்பித்த மணற்கல் கோயில். சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக 58 சின்னச் சன்னதிகள். விமானத்துக்கும் அவற்றுக்கும் நடுவே உள்ள நடைபாதை ஒடுக்கமானது. முதுகு சுவரில் முட்டிய பிறகும் எதிரே இருக்கும் சிம்மத் தூணை முழுதாக 28-இல் அடக்க முடியாது. அங்கே செல்போனின் அகலக் கண் உதவும். ஆனால் அதே இடத்தில் சிறு சன்னதிகளின் உள்ளே பல்லவர் கால ஓவியத்தின் மிச்சங்கள், சுதையின் மேல் பழுப்பும் சிவப்புமாக ஒரு முகத்தின் பாதி, ஒரு கையின் வளையல் தெரியும். அதற்கு 70–100 மி.மீ. சுற்றுவட்டம் வேண்டும், கை நடுக்கத்தை அடக்கும் ஸ்டெபிலைசேஷன் வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் கையில் பிடித்து எடுக்கத் தடையில்லை. டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். ஆக, பயணிக்கு டிரைபாட் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அறநிலையத் துறைக் கோயில்களின் கதை வேறு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடுக்கச் சொன்னது. உள்ளே லென்ஸ் பேச்சுக்கே இடமில்லை. கோபுர வாசலோடு சரி. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறவன் நான்.

காஞ்சியின் இன்னொரு பக்கம் தறி. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் முன்னறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குழித்தறியில் கால்கள் தரைக்குக் கீழே. வெளிச்சம் ஒரு ஜன்னல் வழியாகவும் தறிக்கு மேலே தொங்கும் ஒரு பல்பிலிருந்தும். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு, மொத்தம் மூன்று நாடாக்கள். பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். நாடா பாயும் அந்தக் கணத்தில் கையும் நாடாவும் ஜரிகையும் ஒன்றாகத் தெளிய வேண்டும். அப்படிப்பட்ட மங்கிய அறையில் ஐஎஸ்ஓ 1600 வைத்தால், எஃப் 5.6-இல் ஷட்டர் வேகம் 1/16 நொடிக்கு இறங்கிவிடும். கை கோடாக இழுபடும். எஃப் 1.8 என்றால் 1/160 கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்ச வித்தியாசம். இதை ஸ்டெபிலைசேஷன் ஈடு செய்யாது. அது படமெடுப்பவரின் கையைத்தான் பிடித்து நிறுத்தும், நெசவாளரின் கையை அல்ல. செல்போன் இங்கே நைட் மோடில் பல ஃபிரேம்களை அடுக்கிச் சமாளிக்கப் பார்க்கும். அடுக்கும்போது அசையும் கையைக் களிம்பு போலப் பூசிவிடும்.

ஆகவே ஜூம் எதுவாக இருந்தாலும் கூடவே எஃப் 1.8 அல்லது 2 உள்ள, ஜூம் ஆகாத சின்ன பிரைம் லென்ஸ் ஒன்று வேண்டும். ஒரே லென்ஸ்தான் என்று அடம்பிடிக்கிறவர்கள் இந்த இடத்தில் என்னிடம் சண்டைக்கு வரலாம்.

அதே சமயம் நம் வெயில் மட்டமான எஃப் எண்ணை நிறையவே மன்னிக்கிறது. எஃப் 6.3 லென்ஸா என்று முகம் சுளிக்கும் விமர்சனங்கள் பல, சூரியன் அபூர்வமாகத் தலைகாட்டும் ஊர்களில் எழுதப்படுபவை. இங்கே பளிச்சென்ற வெயிலில் எஃப் 6.3, ஐஎஸ்ஓ 100 வைத்தாலே ஷட்டர் 1/800 நொடிக்குப் போகிறது. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை வெளியே எடுக்கும் எதற்கும் பெரிய வாய் வைத்த லென்ஸ் தேவையில்லை. மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் சொல்லப்படும் பாறைச் சிற்பத்தில், தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் நிற்கும் எலிகளையும் தனியாக எடுக்க வேண்டுமென்றால் வேலிக்கு இப்பால் நின்று 150–200 மி.மீ. போக வேண்டும். அங்கே எஃப் 6.3 தாராளம். சொல்லப்போனால் கல்லின் செதுக்கு முழுக்கத் தெளிவாக வர எப்படியும் எஃப் 8-க்குத்தான் போவோம்.

வேடந்தாங்கலை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து நீக்கிவிடச் சொல்கிறேன். 1798-லேயே ஊரார் கேட்டுக் கலெக்டரிடம் பாதுகாப்பு ஆணை பெற்ற ஏரி. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கரைமேல் நடைபாதை, ஏரி நடுவே மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை. ஒரு மீட்டர் உயர மஞ்சள்மூக்கு நாரை நூறு மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஃபுல் ஃபிரேமில் 200 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாகப் பிடிக்கும் படத்தின் உயரம் 12 மீட்டர். பறவை அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் படத்தில் அது முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகள். வாட்ஸப்புக்கு ஆகும், சுவரில் மாட்ட ஆகாது. 600 மி.மீ. என்றால்தான் கால் பங்காவது நிறையும். அந்த வகை ஜூம்கள், நிக்கான் 180–600 ஆகட்டும், சோனி 200–600 ஆகட்டும், இரண்டு கிலோவைத் தொட்டு நிற்கின்றன. பயண லென்ஸையே பறவை லென்ஸாகவும் ஆக்கிவிடலாம் என்ற ஆசையில்தான் பலர் 18–300 வாங்குகிறார்கள். 620 கிராம் டாம்ரான் நல்ல லென்ஸ்தான், ஆனால் அதை வருஷம் முழுக்கத் தூக்கித் திரிந்து, டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு நாள் அரைகுறையாகப் பறவை எடுப்பது வீண். சென்னையில் நாள் வாடகைக்கு நீள லென்ஸ் கிடைக்கிறது. அந்த ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்டால் போயிற்று.

தொழிற்சாலைச் சாலையே ஒரு பயண இடம்தானா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு ஆம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டதிலிருந்து, 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டெய்ம்லர் லாரிகள், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடம் நிறைந்ததுவரை நடந்த மாற்றம் இன்னும் சரியாகப் படமாகவில்லை. ஏரிக்கரையின் பின்னால் நீலத் தகரக் கூரைகள், எட்டுக் கார்களை முதுகில் சுமந்த டிரெய்லர், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் டீக்கடை வாசலில் நிற்கும் நிற்பு. இங்கே நடுத்தர டெலி, 85-இலிருந்து 135 வரை, பஸ் வரிசையையும் ஆலைச் சுவரையும் நெருக்கி ஒன்றாக்கித் தரும். டீக்கடை விளக்கில் முகம் எடுக்க எஃப் 1.8. ஆலை வாசலைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினால் செக்யூரிட்டி வருவார்; வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவதே மரியாதை. டீ குடிப்பவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், சின்ன லென்ஸ் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்பது சுலபம்.

ஸ்ரீபெரும்புதூரின் பெயரை உலகம் மறக்க முடியாமல் செய்த படங்களும் சாதாரணக் கேமராவில் எடுத்தவையே. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட கூட்டத்தில் இறந்துபோன ஒளிப்படக்காரர் ஹரிபாபுவின் சினான் கேமரா உடையாமல் கிடைத்தது. அதிலிருந்த பத்துப் படங்கள்தான் புலன்விசாரணைக்குத் திறவுகோலாயின. பக்கத்தில் நின்று ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்கள் அவை.

சரி, எதை வாங்குவது? சின்ன சென்சார் கேமரா வைத்திருப்பவருக்கு என் பதில் மூன்று கம்பெனியிலும் ஒரே எடைக்கு வந்து நிற்பது சுவாரஸ்யம். சோனியில் 18–135 (325 கிராம்), கூட 35 எஃப் 1.8 (154 கிராம்): 479 கிராம். கேனனில் ஆர்எஃப்-எஸ் 18–150 (310), கூட ஆர்எஃப் 50 எஃப் 1.8 (160): 470. நிக்கானில் இசட் டிஎக்ஸ் 18–140 (315), கூட இசட் 40 எஃப் 2 (170): 485. இரண்டு லென்ஸும் சேர்ந்து அரைக் கிலோவுக்குள். ஒற்றை ஃபுல் ஃபிரேம் 24–105 எஃப் 4-ஐவிட, அது சோனியில் 663 கிராம், இந்த ஜோடி குறைவு. மங்கிய அறையில் அதைவிடக் கெட்டிக்காரத்தனமும் கூட. கேனனின் பழைய எஸ்எல்ஆர் 18–135 எஸ்டிஎம் ஒன்றே 480 கிராம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். புதிய லென்ஸ் நீளக் கோடியில் எஃப் 5.6-ஐ விட்டு 6.3-க்கு இறங்கியிருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது.

ஃபுஜி வைத்திருப்பவர்களுக்கு 2024-இல் வந்த 16–50 எஃப் 2.8–4.8 பெரிய ஆசை காட்டும்: 240 கிராம், ஜூம் செய்தால் நீளாத உடல், தூசி ஈரம் தடுப்பு. நீளக் கோடி 75-க்கு நிகரில் நின்றுவிடுவதால் என் கணக்கில் அது செல்போன் செய்யும் வேலையில் பாதியைத் திரும்பச் செய்கிறது. ஆனாலும் கையில் எடுத்துப் பார்த்தவர் திருப்பி வைப்பது கஷ்டம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸ் 12–100 எஃப் 4, 561 கிராம், மழையிலும் தூசியிலும் அசராதது. ஒரே லென்ஸ் என்று சத்தியம் செய்தவருக்கு நான் கைகாட்டுவது அதைத்தான்.

ஏற்கெனவே ஃபுல் ஃபிரேம் உடல் வாங்கிவிட்டவர் அதை விற்கத் தேவையில்லை. நிக்கானின் 24–120 எஃப் 4 (630 கிராம்) நல்ல நடுநிலை. 24–200 (570) இன்னும் எட்டும், வெளிச்சம் குறையும். டாம்ரான் 28–200 (575) அகலக் கோடியில் எஃப் 2.8 தருகிறது, 28-இல் தொடங்குகிறதே என்று வருத்தப்பட வேண்டியதில்லை என்று கோபுரக் கணக்கிலேயே பார்த்தோம். பானசோனிக் 2024-இல் 28–200-ஐ 413 கிராமுக்குச் சுருக்கியது எடைப் பைத்தியங்களுக்கு வேண்டுதல் பலித்தது போல. எஃப் 2.8 ஜூம்கள் கல்யாணம் எடுக்கிறவர்களுக்கு. பயணிக்கு அந்த எடையைச் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை. வீடியோ முதன்மையாக எடுப்பவர்களுக்கு இந்தத் தேர்வுகள் எல்லாமே மாறும். அது வேறு கட்டுரை.

எடுத்துச் செல்லும் விதத்தில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: சக்தி மிகுந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஐபோனுக்கு நேரே போனால், கேமராவின் ஸ்டெபிலைசேஷனும் ஆட்டோஃபோகஸும் காலப்போக்கில் கெடலாம், நேரடியாக மாட்டாதீர்கள் என்று. ஐபோனும் ராயல் என்ஃபீல்டும் சில கிலோமீட்டர் இடைவெளியில் பிறக்கும் ஊர் இது! ஆப்பிள் பேசியது செல்போனைப் பற்றித்தான். ஆனால் ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமரா லென்ஸிலும் இப்படித்தான் ஒரு கண்ணாடித் தொகுதி மிதக்கிறது; மின்சாரம் இல்லாதபோது சிலவற்றைக் குலுக்கினால் உள்ளே லொடலொட என்று கேட்கும். பைக்கில் போகிறவர் கேமராப் பையைப் பெட்ரோல் டேங்க் மேலோ பின் கேரியரிலோ கட்டாமல் முதுகில் மாட்டிக்கொள்வது நல்லது. உடம்பு அதிர்வைக் குடித்துவிடும். அரைக் கிலோ என்றால் முதுகும் ஒன்றும் சொல்லாது.

சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் டிரெய்லர்கள் கிளப்பும் புழுதியில் நின்று லென்ஸ் மாற்றுவது சென்சாருக்குச் செய்யும் துரோகம். டீக்கடைக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ போய், கேமராவை அணைத்து, வாயைக் கீழே பார்க்கவைத்து மாற்ற வேண்டும். ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ்கள் காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு தூசியும் போகும். சீல் செய்யாத 18–135-களின் பலவீனம் அது. பயணம் முடிந்த அன்றே வெளித்தூசியை ஊதிவிட்டு, நீளும் குழாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

கடலோர ஈரக்காற்றுக்குப் பூஞ்சை என்றால் பிரியம். தோல் பையில் போட்டு அலமாரிக்குள் மாதக்கணக்கில் மூடி வைப்பதுதான் அதற்கு விருந்து. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்க வேண்டும். வசதி உள்ளவர் டிரை கேபினெட் வாங்கலாம். அதைவிட, வாராவாரம் வெளியே எடுத்துப் பயன்படுத்தும் லென்ஸில் பூஞ்சை சுலபத்தில் குடியேறுவதில்லை.

மேலே சொன்ன லென்ஸ்களில் பல, கேமராவோடு கிட்டாக விற்றவை என்பதால் செகண்ட் ஹேண்டில் நிறையப் புழங்குகின்றன. வாங்கும் முன் செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அங்கங்கே ஒன்றிரண்டு தூசி பரவாயில்லை. ஓரத்திலிருந்து நூல் நூலாகக் கிளைவிட்ட வெள்ளை வலை தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஜூம் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பும்போது நடுவில் மணல் அரைபட்டது போல நெருடினால் அது கடற்கரைக்குப் போய்வந்த லென்ஸ். கேமராவில் மாட்டி, ஸ்டெபிலைசேஷனைப் போட்டு, 135-இல் வைத்து, எதிர்க் கடையின் போர்டை 1/30 நொடியில் பத்துத் தடவை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏழெட்டாவது தெளிவாக இருந்தால் தொகையைப் பேசத் தொடங்கலாம்.